தென்னிந்தியாவின் நிலமும் நிர்வாகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னிந்தியா என்று அரசு எதைச் சொல்கிறது?

அந்தப் பெயரில் ஒரு நிர்வாக அலகு இந்திய அரசமைப்பில் இல்லை. வழக்கில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஐந்து மாநிலங்களையும், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய இரண்டு ஒன்றியப் பகுதிகளையும் சேர்த்தே தென்னிந்தியா என்கிறோம். இதற்கு மிக அருகில் வரும் சட்டபூர்வமான அமைப்பு, 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்கீழ் தோன்றிய தென் மண்டலக் கவுன்சிலாகும். ஒன்றிய உள்துறை அமைச்சர் தலைமை வகிக்கும் இக்கவுன்சிலில் ஐந்து மாநிலங்களும் புதுச்சேரியும் உறுப்பினர்களாக உள்ளன. இலட்சத்தீவும் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் சிறப்பு அழைப்பாளர்களாகக் கலந்துகொள்கின்றன. கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு. அதன் முடிவு எந்த மாநிலத்தையும் கட்டுப்படுத்தாது.

பரப்பும் மக்கள்தொகையும் எவ்வளவு?

ஐந்து மாநிலங்களும் இரண்டு ஒன்றியப் பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 6,36,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையவை; இது நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 25 கோடிப் பேர். இது நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். பரப்பில் பெரியது கர்நாடகம், 1,91,791 சதுர கிலோமீட்டர். மாநிலங்களுள் சிறியது கேரளம். அது கர்நாடகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

தென்னிந்தியாவின் வடக்கு எல்லை விந்திய மலையா?

பழைய இலக்கியங்களும் பாடப்புத்தகங்களும் விந்தியத்தையோ நருமதை ஆற்றையோ எல்லையாகச் சொல்வதுண்டு. ஆனால் அது தக்காணத்தின் எல்லையே தவிர, இன்று நாம் தென்னிந்தியா என்று சொல்லும் பகுதியின் எல்லை ஆகாது. நிலத்தோற்றத்தின்படி மகாராட்டிரத்தின் பெரும்பகுதி தக்காண பீடபூமியில்தான் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் அது மேற்கு மண்டலத்தைச் சேர்ந்தது. கோவாவும் அப்படியே. தெலங்கானாவின் வடகோடியிலிருந்து மகாராட்டிரத்துக்குள் நுழைபவர் கண்ணுக்கு மண்ணும் பயிரும் மாறுவதில்லை, பெயர்ப்பலகையின் எழுத்துத்தான் மாறுகிறது. தென்னிந்தியாவின் வடக்கு எல்லையை வரைந்தவை மலையோ ஆறோ அல்ல, மொழிகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விடைகள் பலவும் எளிதில் விளங்கும்.

நிலஅமைப்பை எவ்வாறு புரிந்துகொள்வது?

நடுவில் ஒரு மேட்டுநிலம், இருபுறமும் மலைத்தொடர், அவற்றுக்கு அப்பால் கடற்கரைச் சமவெளி என்று கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஓரிரு கணவாய்களைத் தவிர இடைவெளியின்றி, கடற்கரைக்கு இணையாகச் செல்கிறது. கேரளத்தின் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரத்துடன் தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகும். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையைத் தொடர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கோதாவரி, கிருஷ்ணா, வட பெண்ணை முதலிய ஆறுகள் அதைப் பல துண்டுகளாக அறுத்திருக்கின்றன. நல்லமலை, சேசாசலம், சவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை எனத் தனித்தனிப் பெயர்களால் அறியப்படும் குன்றுக்கூட்டங்களே அதில் மிகுதி. இரு மலைகளும் நீலகிரியில் சந்திக்கின்றன.

நீலகிரிக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சட்டென்று முறிந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் மலை ஏறாமலே சென்றுவிடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே நுழைவதால்தான் கொங்குநாட்டில் ஆடிக்காற்று அத்தனை வேகமாக வீசுகிறது. தெற்கே செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையில் உள்ள ஆரியங்காவு கணவாய் இதைவிட மிகக் குறுகலானது.

நடுவில் உள்ள மேட்டுநிலமும் ஒரே மட்டத்தில் இல்லை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஹைதராபாத் 500 மீட்டரைச் சற்றே தாண்டும். மேற்கு உயர்ந்தும் கிழக்கு தாழ்ந்தும் அமைந்த இந்தச் சாய்வே ஆறுகளின் போக்கைத் தீர்மானிக்கிறது.

பெரிய ஆறுகள் எல்லாம் ஏன் கிழக்கு நோக்கி ஓடுகின்றன? அதற்கும் மாநில எல்லைக்கும் என்ன தொடர்பு?

அரபிக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தும் வங்கக் கடலைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் ஆறுகள் இவை. கோதாவரி மகாராட்டிரத்தின் திரியம்பகத்தில் தோன்றி 1,465 கிலோமீட்டரும், கிருஷ்ணா மகாபலேசுவரத்தில் தோன்றி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டரும், காவிரி குடகின் தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டரும் ஓடுகின்றன. பாலாறும் தென்பெண்ணையும் வட பெண்ணையும் கர்நாடகத்தின் நந்திமலையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பிறப்பவை.

மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது ஆற்றுப்படுகைகள் கணக்கில் கொள்ளப்படவில்லை. கொள்ளவும் இயலாது, ஏனெனில் மேட்டுநிலத்தில் ஒரு மொழியும் கழிமுகத்தில் வேறு மொழியும் பேசப்பட்டன. விளைவாக, ஆற்றின் தலை ஒரு மாநிலத்திலும் வயிறு இன்னொரு மாநிலத்திலும் அமைந்துவிட்டன. காவிரியைப் பற்றி 1892லும் 1924லும் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஒப்பந்தம் செய்துகொண்டன; 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது; 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதைத் திருத்தி, தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 ஆயிரம் மில்லியன் கன அடி என்று பங்கிட்டது. புதுச்சேரிக்கு ஏன் பங்கு என்று சிலர் வியப்பதுண்டு. காவிரிக் கழிமுகத்தில் இருக்கும் காரைக்கால் அந்த ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதே காரணம்.

கேரளத்தின் நிலை இதற்கு நேர் எதிரானது. அங்குள்ள 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கிப் பாய்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றும் கிழக்கு நோக்கி வந்து காவிரிப் படுகையில் சேர்கின்றன. மாநில எல்லை மலையின் முகட்டோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதற்கு இம்மூன்றே சான்று. மறுபக்கம், தமிழ்நாட்டின் வால்பாறையிலும் கூடலூரிலும் பெய்யும் மழையில் பெரும்பங்கு கேரளத்து ஆறுகளுக்குப் போகிறது.

ஒரே தெற்கில் மழைக்காலம் ஏன் இரண்டு?

சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிப்பதால், கேரளமும் கடலோரக் கர்நாடகமும் மலைச்சரிவுகளும் நனைகின்றன. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதே மலையின் மழைமறைவில் கிடக்கும் ஆந்திரத்தின் அனந்தபூரில் ஆண்டுச் சராசரி 600 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதியும் தென்மேற்குப் பருவத்தில் மறைவில்தான் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது.

இன்றைய மாநிலங்கள் எப்போது, எப்படி உருவாயின?

விடுதலையின்போது தெற்கில் இருந்தவை இன்றைய மாநிலங்கள் அல்ல. சென்னை மாகாணம் ஒடிசா எல்லை தொடங்கிப் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடி வரையிலும், மேற்கே மலபார், தென் கன்னடம் வரையிலும் பரந்திருந்தது. ஹைதராபாத், மைசூர், திருவிதாங்கூர், கொச்சி ஆகியவை சமஸ்தானங்கள். குடகு தனி மாகாணம். பெல்காம் (இன்றைய பெலகாவி), தார்வாடு முதலியவை பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்தன.

தெலுங்கு பேசும் மாவட்டங்களுக்குத் தனி மாநிலம் கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. அதே ஆண்டின் இறுதியில் பசல் அலி தலைமையில் எச்.என். குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்களாக இருந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 1955இல் அது அளித்த அறிக்கையைப் பின்பற்றி, சில மாற்றங்களுடன், 1956 நவம்பர் 1 அன்று புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. ஹைதராபாத்தின் தெலுங்குப் பகுதி ஆந்திரத்துடன் சேர்ந்து ஆந்திரப் பிரதேசமானது. திருவிதாங்கூர்–கொச்சியும் மலபாரும் காசர்கோடும் சேர்ந்து கேரளமாயின. நான்கு வெவ்வேறு ஆட்சிகளின்கீழ் இருந்த கன்னடப் பகுதிகள் மைசூரோடு இணைந்தன. எஞ்சியது சென்னை மாநிலம்.

சென்னை மாநிலம் 1969 சனவரி 14 அன்று தமிழ்நாடு என்றும், மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1 அன்று கர்நாடகம் என்றும் பெயர் பெற்றன. எல்லை பிறந்த நாளும் பெயர் பிறந்த நாளும் வேறுவேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மொழிவாரி எல்லை துல்லியமாக வரையப்பட்டதா?

இல்லை. எல்லையோர மக்கள் பெரும்பாலும் இரண்டு மொழிகளைப் பேசினார்கள், சில இடங்களில் மூன்று. ஆணையம் தன் கணக்கை மாவட்டம், வட்டம் என்ற அலகுகளில் வைத்துக்கொண்டது. ஊர்களைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்த அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின; செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. மார்சல் நேசமணி முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயன் அது. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதே போராட்டத்தில் கோரப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலுக்காக வந்தவர்கள், நிலையாகத் தங்குவோர் அல்லர் என்ற வாதம் அப்போது எடுபட்டது. இன்றைய மூணாற்றைப் பார்ப்பவருக்கு அந்த வாதம் வலுவாகத் தோன்றாது.

வடக்கில் திருத்தணி 1953இல் ஆந்திரத்துக்குச் சென்று, எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. ம.பொ. சிவஞானம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை இங்கே நினைவுகூர வேண்டும். திருப்பதி ஆந்திரத்திலேயே நிலைத்தது. கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் மைசூருக்குப் போனது. மைசூர் மேட்டுநிலத்தின் நீட்சியாகவே அமைந்திருக்கும் ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. பெல்லாரி மாவட்டம் 1953இல் இரண்டாகப் பிரிந்து, அதோனி, ஆலூர், ராயதுர்க்கம் ஆகிய மூன்று வட்டங்கள் ஆந்திரத்துக்கும் மற்றவை மைசூருக்கும் சென்றன. பெலகாவியை மகாராட்டிரம் இன்றும் கோருகிறது. 1966இல் அமைந்த மகாஜன் ஆணையத்தின் அறிக்கையை அது ஏற்கவில்லை. கர்நாடக அரசு பெலகாவியில் ஒரு சட்டமன்றக் கட்டடத்தையே எழுப்பி, 2012 முதல் அங்கும் கூட்டத்தொடர் நடத்துவது இந்தச் சண்டைக்கு ஒரு பதில் என்றே கொள்ளலாம்.

ஒரே மொழி பேசும் ஆந்திரமும் தெலங்கானாவும் ஏன் பிரிந்தன?

மொழி ஒன்றாக இருந்தும் வரலாறு வேறாக இருந்தது. தெலங்கானா நிஜாமின் ஆட்சியிலும், கடலோர ஆந்திரமும் ராயலசீமையும் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்திலும் வளர்ந்தவை. வேலைவாய்ப்பு, பாசன நீர், நிதி ஒதுக்கீடு ஆகியவற்றில் தாங்கள் பின்தள்ளப்பட்டதாகத் தெலங்கானா மக்கள் 1969லேயே பெரும் போராட்டம் நடத்தினார்கள். மறுசீரமைப்பு ஆணையமே தெலங்கானாவைச் சிலகாலம் தனித்து வைக்கலாம் என்று சொல்லியிருந்ததும் நினைவிருக்க வேண்டும். 2014 சூன் 2 அன்று தெலங்கானா தனி மாநிலமாயிற்று. ஹைதராபாத் பத்து ஆண்டுகளுக்கு மிகாத காலத்துக்குப் பொதுத் தலைநகராக இருக்கும் என்று சட்டம் சொன்னது. அக்காலம் 2024 சூன் 2 அன்று முடிந்தது.

பிரிவினையின்போதும் ஆறு குறுக்கே வந்தது. போலவரம் அணையின் நீர்தேங்கு பகுதி ஆந்திரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் கம்மம் மாவட்டத்தின் உட்பிரிவுகளான ஏழு மண்டலங்கள் 2014இல் ஆந்திரத்துக்கு மாற்றப்பட்டன. பத்ராசலம் நகரம் மட்டும் தெலங்கானாவில் நின்றது.

புதுச்சேரி ஏன் நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது?

பிரெஞ்சுக்காரர்களுக்குத் துறைமுகங்களும் வணிகத் தலங்களும் எங்கெங்கு வாய்த்தனவோ அவையே இன்றைய புதுச்சேரி. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டின் கடற்கரையில் உள்ளன. மாஹே கேரளத்தின் கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடுகிறது. ஏனாம் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கிறது. நான்கும் சேர்ந்தாலும் பரப்பு 500 சதுர கிலோமீட்டரைத் தொடாது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம், இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மக்களின் விருப்பத்தை அறியாமல் மாற்றலாகாது என்று வகுத்ததால், அண்டை மாநிலங்களோடு கரையாமல் அவை தனித்து நின்றன. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்தன்நகர் இதற்கு மாறாக மேற்கு வங்கத்தோடு கலந்துவிட்டது.

புதுச்சேரிப் பகுதியே ஒரே துண்டாக இல்லை என்பது நேரில் சென்றவருக்குத் தெரியும். விழுப்புரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ பேருந்தில் வரும்போது எல்லைப் பலகைகள் மாறி மாறி வருகின்றன.

மாஹே, ஏனாம் மக்களுக்கு அன்றாட வாழ்க்கை ஒருபுறமும் அலுவலகம் இன்னொருபுறமும் அமைந்துள்ளன. மாஹேயின் அஞ்சல் குறியீடு கேரளத்துக்குரிய 673 என்ற வரிசையிலும், ஏனாமின் குறியீடு ஆந்திரத்துக்குரிய 533 என்ற வரிசையிலும் வருகின்றன. ஆனால் மாஹேக்காரர் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டுமானால் அருகிலுள்ள கொச்சிக்கு அன்றி, சென்னைக்குத்தான் வர வேண்டும்.

இலட்சத்தீவும் அந்தமானும் தெற்கில் சேர்த்தியா?

இலட்சத்தீவு சேர்த்தி. அது 1956க்கு முன் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தது. சில தீவுகள் மலபார் மாவட்டத்தின்கீழும் சில தென் கன்னட மாவட்டத்தின்கீழும் நிர்வகிக்கப்பட்டன. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர், மக்கள் 2011இல் 64,473 பேர், தலைநகர் கவரத்தி, முழுவதும் ஒரே மாவட்டம், சட்டமன்றம் இல்லை. மக்கள் பேசுவது பெரும்பாலும் மலையாளத்தின் ஒரு வடிவம். தென்கோடியிலுள்ள மினிக்காயில் மட்டும் மாலத்தீவின் திவேகி மொழியோடு ஒன்றான மகல் வழங்குகிறது.

அந்தமான் நிக்கோபார் வங்கக் கடலில் இருந்தாலும், நீதி நிர்வாகத்தில் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின்கீழ் வருகிறது. நாட்டின் தென்கோடி எது என்ற வினாவுக்குக் கன்னியாகுமரி என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் தரலாம். பெருநிலப்பரப்பின் தென்முனை அதுவே. நாட்டின் தென்முனை பெரிய நிக்கோபாரிலுள்ள இந்திரா முனை.

மாவட்டத்துக்குக் கீழே எல்லா மாநிலங்களிலும் ஒரே அமைப்புத்தானா?

மாவட்டம் வரை ஏறத்தாழ ஒன்று. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தன் வழியே போகிறது.

தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியருக்குக் கீழே கோட்டாட்சியர், அவருக்குக் கீழே வட்டத்துக்கு வட்டாட்சியர், வட்டத்துக்குள் பிர்க்கா எனப்படும் உள்வட்டத்துக்கு வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் என்று வரிசை அமைகிறது. கர்ணம், மணியக்காரர் என்று பரம்பரையாக வந்த பதவிகளை 1980இல் ஒழித்த பின்னரே கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்தது. ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் இன்றும் சிலசமயம் அவரை 'கர்ணம்' என்றே அழைப்பதைக் கேட்கலாம்.

ஆந்திரத்தில் வட்டம் என்பதே இல்லை. என்.டி. ராமராவ் ஆட்சியில் 1985இல் வட்டங்கள் கலைக்கப்பட்டு, அவற்றைவிடச் சிறிய மண்டலங்கள் உருவாக்கப்பட்டன. தாசில்தார் அலுவலகத்தை மக்களுக்கு அருகில் கொண்டுவருவதே நோக்கம். தெலங்கானாவும் அந்த முறையைத் தொடர்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் 600க்கு மேற்பட்ட மண்டலங்கள் உள்ளன. ஒப்புநோக்க, தமிழ்நாட்டில் வட்டங்கள் 300ஐச் சற்றே தாண்டும். ஆகவே தமிழ்நாட்டு வட்டத்தையும் ஆந்திர மண்டலத்தையும் ஒன்றுக்கொன்று நிகராக வைத்து ஒப்பிடுவது தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

கர்நாடகத்தில் மாநிலம் பெங்களூரு, மைசூரு, பெலகாவி, கலபுரகி என நான்கு வருவாய்ப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. வட்டத்துக்குக் கீழே வரும் ஹோபளி நம் உள்வட்டத்துக்கு ஏறத்தாழ நிகரானது. அங்கே மாவட்டத் தலைவரை ஆட்சியர் என்று சொல்லாமல் துணை ஆணையர் என்று சொல்வது வழக்கம். பெயரைப் பார்த்து யாருக்கோ துணையானவர் என்று எண்ணிவிடக் கூடாது.

மாவட்டங்களின் எண்ணிக்கை ஏன் அடிக்கடி மாறுகிறது?

மாவட்டத்தைப் பிரிக்கவும் பெயர் மாற்றவும் மாநில அரசுக்கே அதிகாரம் உண்டு. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. மாநில எல்லையைத் திருத்துவதற்கு மட்டுமே அது வேண்டும். 1956இல் 13 மாவட்டங்களோடு இருந்த தமிழ்நாடு, நாகப்பட்டினத்திலிருந்து 2020 டிசம்பரில் மயிலாடுதுறை பிரிந்ததும் 38ஐ எட்டியது. தெலங்கானா 10இலிருந்து 2016 அக்டோபரில் ஒரே நாளில் 31 ஆகி, 2019இல் 33 ஆனது. ஆந்திரம் 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டங்களை 26 ஆக்கியது. அதுவரை ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டம் 19,130 சதுர கிலோமீட்டர் பரப்போடு, கேரள மாநிலத்தில் ஏறத்தாழ பாதி அளவுக்கு இருந்தது. கர்நாடகத்தில் 2021இல் பெல்லாரியிலிருந்து விசயநகரம் பிரிந்து 31 ஆயிற்று. கேரளம் மட்டும் 1984இல் காசர்கோடு உருவான நாள் முதல் 14 என்ற எண்ணிலேயே நிற்கிறது.

கேரளம் மட்டும் ஏன் பிரிக்காமல் இருக்கிறது?

அங்கே மக்கள் அரசைத் தேடிச் செல்லும் முதல் வாசல் மாவட்டத் தலைநகரில் இல்லை, ஊராட்சியில் இருக்கிறது என்பது என் கருத்து. கேரளத்தில் 941 கிராம ஊராட்சிகள்தாம்; தமிழ்நாட்டில் நீண்ட காலமாக எண்ணப்பட்டு வந்தவை 12,525. தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி சில சிற்றூர்களின் தொகுப்பு; கேரளத்தில் அது இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் வாழும் ஒரு சிறு நகரத்தின் அளவுடையது. அதனால் அதற்கு வருவாயும் அலுவலர்களும் பொறியாளரும் இருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின்கீழ் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டதும் இந்த அளவால்தான் பயன் தந்தது. வீடுகள் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும் கேரளக் குடியிருப்பு முறையும் இதற்கு ஒத்துழைத்தது. ஒரு கிராமம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அங்கே சொல்வது கடினம்.

கொங்குநாடு, ராயலசீமை, மலநாடு ஆகியவை நிர்வாகப் பெயர்களா?

அல்ல. அவை நிலத்தையும் பழைய ஆட்சிகளையும் ஒட்டிய வழக்குப் பெயர்கள். சோழநாடு, பாண்டிநாடு, தொண்டைநாடு, துளுநாடு, மலபார் ஆகியவையும் அப்படியே. எனினும் சில பெயர்களுக்குச் சட்டத்தின் துணை கிடைத்திருக்கிறது. பழைய ஹைதராபாத் அரசிலிருந்து வந்த கன்னட மாவட்டங்களுக்கு அரசமைப்பின் 371ஞ (371J) பிரிவின்கீழ் சிறப்பு வளர்ச்சி வாரியமும் கல்வி, வேலையில் ஒதுக்கீடும் உண்டு; 'ஹைதராபாத் கர்நாடகம்' என்ற பெயரை 2019இல் 'கல்யாண கர்நாடகம்' என்று அரசு மாற்றியது.

நாடாளுமன்றத்தில் தெற்கின் பங்கு என்ன?

தமிழ்நாடு 39, கர்நாடகம் 28, ஆந்திரம் 25, கேரளம் 20, தெலங்கானா 17, புதுச்சேரி 1, இலட்சத்தீவு 1 என மக்களவையின் 543 இடங்களில் 131 தெற்கினுடையவை. மாநிலங்களுக்கிடையிலான இந்தப் பங்கீடு 1971 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. 1976இல் செய்த அரசமைப்புத் திருத்தம் அதை உறையவைத்தது. 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகவே இடங்களை இழக்க நேருமோ என்ற தெற்கின் கவலை இங்கிருந்துதான் எழுகிறது.

சட்டமன்றங்களைப் பொறுத்தவரை கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவற்றுக்கு மேலவையும் உண்டு. தமிழ்நாட்டின் மேலவை 1986இல் கலைக்கப்பட்டது.

தலைநகரில்தான் உயர் நீதிமன்றம் இருக்குமா?

கட்டாயம் இல்லை. கேரளத்தின் தலைநகர் திருவனந்தபுரம்; உயர் நீதிமன்றம் கொச்சியில். 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2004 முதல் மதுரையில் ஒரு கிளை உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குத் தார்வாடிலும் கலபுரகியிலும் அமர்வுகள் உள்ளன. ஆந்திர உயர் நீதிமன்றம் ஹைதராபாத்திலிருந்து பிரிந்து 2019 சனவரி 1 முதல் அமராவதியில் இயங்குகிறது.

ஒரு மாநிலத்தின் நிலத்தில் உள்ள அணையை இன்னொரு மாநிலம் எப்படி நடத்துகிறது?

முல்லைப் பெரியாறு அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அதை இயக்குவது தமிழ்நாட்டின் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறை. 1886இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகையே அதன் அடிப்படை. 1895இல் முடிந்த அணை, மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீரைச் சுரங்கம் வழியே மலையைத் துளைத்து வைகைப் படுகைக்குத் திருப்பியது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அந்நீரை நம்பியுள்ளன. அணையின் பாதுகாப்பு, தேக்கும் மட்டம் ஆகியவை பற்றிய வழக்குகள் பல முறை உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என்று நீதிமன்றம் உறுதிசெய்தது.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்திலும் சில அணைகள் கேரள நிலத்தில் உள்ளன. 1970இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு வழிசெய்கிறது. சண்டையில்லாத எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. தெலுங்கு கங்கைத் திட்டத்தில் மகாராட்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் தத்தம் கிருஷ்ணா பங்கிலிருந்து தலா 5 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைச் சென்னையின் குடிநீருக்காக விட்டுக்கொடுத்தன. கிருஷ்ணாவின் படுகையில் ஓர் அடி நிலம்கூட இல்லாத தமிழ்நாட்டின் தலைநகருக்கான அந்த நீர் ஆந்திரத்தின் கண்டலேறு அணை வழியாகப் பூண்டி ஏரியை 1996இல் முதன்முறையாக வந்தடைந்தது.